வடசென்னையில் ஒரு தெரு தன் மண்ணையும் நீரையும் கவனிக்கத் தொடங்குவது எப்படி

வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ திருவொற்றியூரிலோ எண்ணூர்க் குப்பம் ஒன்றிலோ பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தங்கள் தெருவில் சூழல் வேலையைத் தொடங்க விரும்பினால், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதற்காக இதை எழுதுகிறேன். மாடித்தோட்டம், மக்கு உரம், பறவை நோக்குதல் ஆகியவற்றைத் தனித்தனியே விளக்கும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நல்ல தண்ணீரும் சுத்தமான மண்ணும் சொந்த மொட்டை மாடியும் படிப்பவரிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டே எழுதப்பட்டவை. நகரத்தின் குப்பையும் அனல் மின் நிலையங்களின் சாம்பலும் ஆலைகளின் எண்ணெயும் வந்து சேரும் இந்தப் பகுதியில், செடி வளர்ப்பதும் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டுவதும் அலுவலகங்களில் போய்க் கேள்வி கேட்பதும் ஒரே வேலையின் பகுதிகளாக இருந்தால்தான் அந்த வேலை நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்களும் இடமும்

புதிதாக ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, பெயர்ப் பலகை எழுதி, தலைவர் செயலாளர் தேர்ந்தெடுப்பதில் முதல் மாதங்களைச் செலவிட வேண்டாம். வடசென்னையில் ஏற்கெனவே மக்கள் கூடும் இடங்கள் உண்டு. அம்பேத்கர் பெயரிலான படிப்பகங்கள், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இரவுப் பாடசாலைகள், கேரம் மன்றங்கள், கால்பந்துக் குழுக்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றில் ஒன்றில் நடத்துபவர்களின் சம்மதத்தோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது தெருவின் தொழிலையும் பார்க்க வேண்டும். காசிமேட்டை ஒட்டிய தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வியாபாரத்தின் உச்ச நேரம் என்பதால், அன்று கூட்டம் வைத்தால் அந்த வேலையில் இருக்கும் பெண்களில் ஒருவர்கூட வர முடியாது.

முதல் கூட்டத்துக்கு யாரை அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் அமையும். தெருவில் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர், கூடையில் கீரை கொண்டுவரும் அம்மா, மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குடிபெயர்ந்து வந்து இன்னும் விதைக்கும் மாதங்களை மறக்காத தாத்தா ஆகியோரே இந்த வேலையின் ஆசிரியர்கள். அவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, வெளியிலிருந்து வந்த ஒருவர் படக்காட்சியோடு விழிப்புணர்வு உரை நிகழ்த்தினால், அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள். வராமல் இருப்பதில் நியாயமும் இருக்கிறது.

விதைக்கும் முன் அறிய வேண்டியவை

எந்த விதையையும் வாங்குவதற்கு முன் உங்கள் இடத்தின் மண்ணையும் நீரையும் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். குப்பைமேட்டை ஒட்டியும், சாம்பல் கொட்டப்பட்ட இடங்களிலும், பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலும் உள்ள மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. அவை மக்கிப் போவதில்லை, மழையில் எளிதில் கரைந்து போவதும் இல்லை. பொதுவாகக் கீரைகளும் கிழங்கு வகைகளும் அவற்றை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வெண்டை, கத்தரி, அவரை போன்ற காய்களில் அவை சேர்வது குறைவு. ஆகவே சந்தேகத்துக்குரிய இடங்களில் தரையில் உண்ணும் பயிர் எதையும் வைக்காமல், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிய வாளிகளிலும் வளர்ப்புப் பைகளிலும் மட்டுமே வளர்க்க வேண்டும். அங்கே தரையில் நிழலுக்காகப் பூவரசு, புங்கன், வேம்பு நடலாம்.

மண்ணைச் சோதிக்க விரும்பினால், ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுப்பதில் பயனில்லை. மேல் சருகை நீக்கி, அரை அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழ்வரை சுரண்டி எடுத்த மண்ணை, அதே நிலத்தின் பல இடங்களில் எடுத்த மண்ணோடு கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அளவுக்குக் கொடுக்க வேண்டும். அரசு மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாகக் கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்துகள் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். கன உலோகச் சோதனை வேண்டுமென்றால் அதற்கான ஆய்வகத்தில் தனியாகக் கேட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது. எங்கே எதைச் சோதிக்கலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

நீரின் கதை இன்னும் கடினமானது. நகருக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது 1969-ஆம் ஆண்டிலிருந்தே பதிவாகியிருக்கிறது. கடலோரத் தெருக்கள் பலவற்றின் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிப்பதை நாக்கே சொல்லிவிடும். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; அதில் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்து, தெருவில் உள்ள ஒவ்வொரு குழாயையும் அளந்து எழுதுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையின்றி ஊற்றலாம். 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்கா. இடைப்பட்டதாக இருந்தால் மழைநீரோடு கலந்து ஊற்ற வேண்டும். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்பதால், அதைக் கீரைக்கு ஊற்றுவது நல்லதல்ல. கால்வாய்த் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குடங்களோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தெருக்களில், ஒரு தோட்டத்துக்கு நாள்தோறும் ஐந்து குடம் கூடுதலாக வேண்டுமென்றால், அந்த ஐந்து குடத்தையும் சுமப்பவர் யார் என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் விட்டால் அது வீட்டுப் பெண்களின் இடுப்பில்தான் போய் ஏறும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதால், 50 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்குச் சுமார் 70,000 லிட்டர் விழுகிறது. மாடியின் வடிகுழாயை ஒரு வடிகட்டி வழியாக இரண்டு டிரம்களில் சேர்த்து நிரம்பும்படி செய்து, டிரம்மின் வாயைக் கொசு நுழையாத வலையால் மூடி வைத்தால், மழை ஓய்ந்த பிறகும் சில வாரங்களைச் சமாளிக்கலாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்தால் இரண்டு மூன்று வாளிச் செடிகளுக்குப் போதும்.

மக்கு உரமும் மீன் அமிலமும்

சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் வந்து குவிந்திருக்கிறது. அந்தக் குப்பைமேட்டின் புகையை மூச்சில் இழுத்தவர்கள் அதைச் சுற்றியிருக்கும் தெருக்காரர்கள்தான். திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கச் சொல்கின்றன. பிரித்த மக்கும் குப்பையைத் தெருவிலேயே உரமாக்கிவிட்டால், அந்த மேட்டுக்குப் போகும் பாரத்தில் அந்த அளவு குறைகிறது என்பதோடு, வெளியிலிருந்து மண் வாங்கும் செலவும் குறைகிறது.

மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளியே போதும். அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையாத அளவு துளைகள் இட்டு, அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகோ தென்னை நார்க்கழிவோ பரப்புங்கள். அதன் மேல் அன்றன்றைய காய்கறிக் கழிவை நறுக்கிப் போட்டு, போட்ட அளவுக்குக் குறையாமல் சருகையோ நார்க்கழிவையோ கொண்டு மூடி, தொடக்கத்தில் ஒரு குவளை புளித்த மோரைத் தெளியுங்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஈரம் சரியாக இருக்கிறதா என்பதைக் கையாலேயே அறியலாம்: ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், தண்ணீர் ஒழுகினால் சருகு போதவில்லை, கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் நீர் போதவில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போகவில்லை என்று பொருள். கிளறிச் சருகு சேர்த்தால் ஓரிரு நாளில் அந்த வாடை போய்விடும். வாளி நிறைந்த பின் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் கறுத்து, உதிரியாகி, முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனை வரும்போது சலித்துப் பயன்படுத்தலாம்.

மீனையும் இறைச்சியையும் இந்த வாளியில் போடக் கூடாது, பெருச்சாளி வரும். மீன் கழிவுக்கு வேறு வழி இருக்கிறது. மீன் சந்தைகளுக்கு நடுவில் வாழும் நமக்கு அது பெரிய செல்வம் என்றே சொல்வேன். மீன் வெட்டும் அக்காவிடம் குடலையும் செவுளையும் தனிப் பையில் போட்டுத் தரும்படி சொல்லி வைத்து, ஒரு கிலோ கழிவைச் சிறு துண்டுகளாக்கி, அதே எடைக்கு வெல்லத்தையோ நாட்டுச் சர்க்கரையையோ நுணுக்கிக் கலந்து, வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடியில் முக்கால் பாகத்துக்கு மேல் போகாமல் நிரப்பி நிழலில் வையுங்கள். உள்ளே காற்று உருவாகும் என்பதால் கண்ணாடி ஜாடி வேண்டாம். முதல் வாரத்தில் மூடியை அவ்வப்போது தளர்த்தி மூடுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பும் முள்ளும் தவிர மற்றவை கரைந்து, தேன் நிறத்தில் ஒரு திரவமாகும். இதுதான் மீன் அமிலம். வாடையை வைத்துத்தான் அது தயாராகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்: மீன் நாற்றம் போய்ப் பழ வாடை வீச வேண்டும், அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் குறைந்துவிட்டது, இன்னும் சேருங்கள். வடிகட்டிய திரவத்தில் ஐந்து மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலை வேளையில் தெளித்தால், கீரையும் வெண்டையும் தழைத்து வளரும். இதைச் சிறு புட்டிகளில் அடைத்து மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விற்கவும் முடியும். விற்றால், கழிவைத் தந்த அக்காவுக்கும் பங்கு போக வேண்டும்.

பட்டம் பார்த்து விதைத்தல்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் செடிகள் வேர் பிடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் விதைத்த கீரை விதை மழையோடு அடித்துக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் இரண்டாவது முறை விதைக்கலாம். சித்திரை, வைகாசியில் நிழல்வலை இல்லாமல் கீரை நிற்காது என்பதால், அந்த மாதங்களை உரம் தயாரிக்கவும் விதை சேர்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண், மக்கு உரம், நீரில் அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கைச் சேர்த்தால் வாளிக்கான மண் தயார். அரசு வீட்டு வாரியங்கள் கட்டிய பழைய குடியிருப்புகளின் மாடியில் வைப்பதாக இருந்தால் பாரத்தைக் கணக்கிடுங்கள். வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் ஒரு 20 லிட்டர் வாளி 30 கிலோவைத் தாண்டும். கூரையின் நடுவில் அடுக்காமல், சுவர்கள் தாங்கும் ஓரங்களில் மட்டும் வைத்து, நார்க்கழிவின் பங்கைக் கூட்டிக்கொள்வது பாதுகாப்பானது. கம்பி தெரிய, காரை உதிரும் கூரையில் எதையும் வைக்க வேண்டாம், தெருவோரத்தில் வையுங்கள்.

முதலில் சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை. விதையை மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். 25 முதல் 30 நாளில் முளைக்கீரையைப் பிடுங்கலாம், அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஒரு மாதத்துக்குள் தட்டில் வந்து விழும் பயிர் என்பதால்தான் அதை முதலில் சொல்கிறேன்; பலனுக்காக ஓராண்டு காத்திருக்கப் புதிய குழுவுக்குப் பொறுமை இருக்காது. மண்ணின் மேல் சருகை மூடாக்காகப் பரப்பினால் நீர்த் தேவை வெகுவாகக் குறையும். இயற்கை வேளாண் அறிவியலாளர் நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகச் சென்று மூடாக்கைப் பற்றிப் பேசியது வயல்களுக்காகத்தான் என்றாலும், அது வாளித் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. விளைந்த கீரையின் மேல் படிந்திருக்கும் தூசியைப் பலமுறை அலசிய பின்பே சமைக்க வேண்டும்.

ஒவ்வொரு பயிரிலும் நல்ல செடி ஒன்றை அறுக்காமல் விட்டு விதை எடுத்து, அந்த விதையைப் படிப்பகத்திலேயே ஒரு டப்பாவில் சாம்பலோடு கலந்து வையுங்கள். விதை கேட்டு வருபவர்களிடம் காசு வாங்காமல் கொடுத்து, அறுவடைக்குப்பின் இரண்டு மடங்காகத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு கழிமுகத்துக்கு

என் கருத்தில் இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கம் வழியாக வந்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆகி, அங்கே அந்த ஆற்றைச் சந்திக்கிறது. ஆறு, கால்வாய், கடல் ஆகிய மூன்றும் கலக்கும் இந்த இடத்தைப் பேருந்துத் தூரத்தில் வாழும் பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை.

கார்த்திகை முதல் மாசி வரை, நீர் வற்றிய வேளையில் போவது நல்லது. கடல்நீரின் ஏற்ற வற்ற நேரத்தைக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர் ஒருவரிடம் முந்தின நாளே கேட்டுக்கொண்டு, அவரையே ஆசிரியராக அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு ஒரு நாள் கூலியைத் தவறாமல் கொடுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்து, அதற்கேற்ப எந்த மீன் எங்கே நிற்கும் என்று சொல்லும் அறிவை இலவசமாக எதிர்பார்ப்பது முறையல்ல. பிள்ளைகள் எல்லோரும் செருப்பல்லாமல் மூடிய காலணி அணிய வேண்டும், ஏனெனில் சேற்றில் கிடக்கும் ஆளிச் சிப்பியின் ஓடுகளும் துருப்பிடித்த கம்பியும் காலைக் கிழிக்கும். நீரில் இறங்கவோ குளிக்கவோ விட வேண்டாம்.

அலையாத்தி மரம் ஒன்றின் அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதன் இலையைத் தொட்டால் மேலே உப்புத் துகள்கள் விரலில் ஒட்டும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், மரம் அவற்றின் நுண்துளைகள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகம் முழுவதும் படர்ந்து, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவர்களிலும் இந்த வேர்களின் மீதும் படிந்தது. எண்ணெய் பூசிய வேருக்கு என்ன ஆகும் என்பதை, அந்த வேரைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். உங்களோடு வரும் பிள்ளைகளில் சிலர் அந்த இரவை அனுபவித்தவர்களாகவே இருக்கலாம், அவர்கள் பேச விரும்பினால் பேசவிடுங்கள்.

‘காக்கா ஆழி’யைப் பற்றியும் மீனவரிடம் கேளுங்கள். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிறு கறுப்பு ஆளி, பெரும்பாலும் கப்பல்கள் சாயாமல் சமநிலையில் இருப்பதற்காகச் சுமந்துவரும் நீரின் வழியாக வந்து, எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றின் அடியில் கம்பளம்போல் படர்ந்து, இறால் புதைய இடமில்லாமல் செய்கிறது. ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று முதலில் எச்சரித்தவர்கள் அந்த ஆற்றில் வலை வீசியவர்களே. ஆய்வாளர்கள் இனத்தை உறுதிசெய்தது அதன் பிறகுதான். கவனித்துப் பார்த்து எழுதி வைப்பதே அறிவியல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். தேதி, நேரம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று எந்தப் பக்கம், நீரின் நிறமும் வாடையும், கண்ட பறவைகள் மூன்று: இவ்வளவுதான் எழுத வேண்டும். நெடுங்கால் உள்ளான், மடையான், மீன்கொத்தி, நீர்க்காகம் ஆகியவற்றை ஒரே நாளில் அடையாளம் காணப் பழகிவிடலாம். எண்ணூர் தொலைவென்றால் ரெட்டேரிக்குப் போங்கள். நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும் கரையிலிருந்தே தெரியும். ஜனவரியில் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பிள்ளைகளின் பட்டியலும் சேரட்டும். ஆர்வ மிகுதியால் கழிமுகச் சேற்றில் அலையாத்திக் கன்றுகளை நீங்களாக நட வேண்டாம். அலை எவ்வளவு ஏறும் என்று பார்க்காமல் நட்டவை பிழைப்பதில்லை, வெறும் சேறாகத் தெரியும் இடமே பறவைகள் இரை தேடும் இடமுமாகும்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்டல்

ஓராண்டு நோட்டுப் புத்தகங்களும் டிடிஎஸ் அளவுகளும் சேர்ந்தபின் அவற்றைப் பரணில் போட்டுவைக்க வேண்டாம். தமிழகத்தின் நகரப் பகுதிகளில் 2022-இல் தொடங்கிய, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் உங்கள் வார்டில் எப்போது நடக்கிறது என்று மாமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கேட்டு, குழுவாகப் போங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கையை மட்டும் எழுதுங்கள். ‘சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்’ என்ற மனுவுக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை; இன்ன தெருமுனையில், இன்னின்ன தேதிகளில், இன்ன நேரத்தில் கால்வாயில் எண்ணெய்ப் படலம் கண்டோம், எங்கிருந்து வருகிறது என்று ஆய்வு செய்து தெரிவிக்க வேண்டும் என்ற மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குப்பை தொடர்பான புகார்களை மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; நீர், காற்று மாசுக்கான மனுவைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் அந்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவைப் பெரியவர் ஒருவர் பெயரில் அனுப்பினாலும், எழுதுவதை உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டு, பெரியவர்கள் திருத்திக் கொடுங்கள். வந்த பதில் எதுவானாலும் படிப்பகத்தில் அதை உரக்கப் படித்து, நகலைப் புகார் எண்ணோடு சுவரில் ஒட்டி வைத்து, அடுத்த பகுதி சபைக்கு மூலப் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள்.